கோட்டுப் பையில் ஈயம்

கதிர்வீச்சுப் பிரிவில் சேர்ந்த முதல் வாரமே, நோயாளிகள் படுவது தெரியட்டும் என்று லவோனைப் படுக்கவைத்து, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை அவள் முகத்தில் அழுத்தி முகமூடி வார்த்துவிட்டார் டாக்டர் பெல். நர்ஸாக இருந்து மேலே படித்து, நோயாளிகளைத் தானே பார்த்து மருந்து எழுதும் தகுதி பெற்றவள்தான் அவள். ஆனால் அந்தப் படிப்பில் கதிர்வீச்சு பேருக்குத்தான் இருந்தது. மற்றதெல்லாம் டாக்டர் பின்னால் ஓராண்டு நடந்து கற்றது. முகமூடிக்குள், உறைந்த ஏரிக்கு அடியில் கிடந்து மேலே வெளிச்சத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. பயமாகவும் இருந்தது, எழுந்திருக்க மனமில்லாமலும் இருந்தது.

இப்போது வாரந்தோறும் ஆரின் ட்வெய்ட்டைப் பார்ப்பது அவள் பொறுப்பு. தொண்டையில் புற்று. மினசோட்டா ஏரிப்பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிற கிழவர். குளிருகிறது என்று கோட்டோடுதான் எடை பார்ப்பார். எடை குறையவே இல்லை.

"எப்படிச் சாப்பிடுறீங்க?"

"ராஜா மாதிரி, டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்லன்னு எத்தனை தடவ சொல்றது?"

"திட்டுறதப் பாத்தா அப்படித் தெரியலியே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனிதர். அன்று சிகிச்சை மேசையில் அவர் கன்னத்துக்கும் முகமூடிக்கும் நடுவே லவோனின் விரல் தாராளமாக நுழைந்தது. முகம் அசைந்தால் கதிர் இடம் மாறி விழும். சிகிச்சையை நிறுத்தச் சொன்னாள். அவரிடம் கொடுக்கக் கோட்டை எடுத்தால், கை கனத்தது. பைகள் நிறையத் தூண்டில் ஈயக்குண்டுகள். எடைக்கருவியில் கோட்டோடு ஏறவிட்டது தன் தப்புதான் என்று சுருக்கென்றது.

"எளச்சா வயித்துல சாப்பாட்டுக் குழாய் வைப்பீங்க," என்றார் ஆரின். "என் பொண்டாட்டி மார்லிஸுக்கு வச்சாங்க. அப்புறம் அவ வீட்டுக்கே வரல."

லவோனின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அவங்களுக்குக் கடைசியில வச்சாங்க, ஆரின். உங்களுக்கு இப்பவே வைக்கணும். இல்லன்னா சிகிச்சை பாதியில நின்னுடும், பொழைக்க மாட்டீங்க."

"அந்த முகமூடிக்குள்ள எப்படி இருக்கும்னு உனக்கென்ன தெரியும்?"

"ஏரிக்கு அடியில கெடக்கிற மாதிரி."

பக்கத்தில் கிடந்த முகமூடியை ஆரின் விரலால் தொட்டார்.

"ஆமா. மேல யாரோ பனியில நடக்கிறாங்க. மார்லிஸாத்தான் இருக்கும்." பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "சரி, குழாய வை."

ஈயக்குண்டுகளை லவோன் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டினாள். டாக்டர் பெல்லும் ஒப்புக்கொண்டார். குழாய் வந்தது, புது ஸ்கேன் எடுத்து, புது முகமூடியும் வந்தது.

கடைசி நாளில், சிகிச்சை முடித்தவர்கள் அடிக்கும் மணிக்குப் பக்கத்தில் எல்லோரும் கூடி நின்றார்கள். ஆரின் மணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லவோனிடம் வந்து கையை நீட்டினார்.

"என் ஈயத்தக் குடு, பொண்ணே. ஏரி உருகிடுச்சு."