வெள்ளையாக விழுந்த அருவி

கண் டாக்டர் என் மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை டிக்கென்று மாற்றி மாற்றிச் செருகுகிறார். "இப்ப தெரியுதா ஆச்சி?"

அந்தச் சத்தத்தை எழுபது வருஷத்துக்கு முன்பு, எட்டு வயதில், குற்றாலத்தில் கேட்டிருக்கிறேன். அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. மேலகரத்து வைத்தியர் நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டும் பலனில்லை. சாரல் சீசனுக்கு அருவிக்கரைக்கு மூக்குக்கண்ணாடி விற்பவர் ஒருவர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அப்பா எங்களை நடத்தியே கூட்டிப்போனார்.

விற்பவர் ஒவ்வொரு கண்ணாடியாக அம்மாவுக்கு மாட்டினார். கழற்றித் தகரப்பெட்டியில் போடும்போதெல்லாம் டிக்கென்றது. எதற்கும் அம்மா உதட்டைப் பிதுக்கினாள். கடைசியாக ஒன்றுதான் மிச்சம்.

"இதுலயாவது அருவி தெரியுதா, பாரு" என்றார் அப்பா. குரல் இறங்கிப்போயிருந்தது.

"தெரியுது. பால் மாதிரி வெள்ளையா விழுதுல்லா."

மலையில் பெய்த மழையில் அருவி அன்று செம்மண் கரைசலாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் அருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இதையே குடுங்க அண்ணாச்சி" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அம்மா அந்தக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். என் தோளில் இருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

"தெரியுதா ஆச்சி?" டாக்டர் மறுபடி கேட்கிறார். எதிர்ச்சுவர் எனக்கு வெறும் வெள்ளையாக இருக்கிறது. பக்கத்தில் மகள், மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கிய களைப்போடு நிற்கிறாள்.

"தெரியுது" என்கிறேன்.