பதினொரு சட்டை போதும் என்ற தம்பி

தம்பி கண்மூடி ஓர் ஆண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்தவனாகிய என் வணக்கம். மறைந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்றார் அச்சகத்துக்காரர். இடுப்பில் தூக்கி வளர்த்தவனை நான் எப்படி அவர் என்பது? அவன் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தோம். அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது தம்பிக்குப் பல்கூட முளைக்கவில்லை. அம்மா மீன்கூடையைச் சுமந்தாள், நான் அவனைச் சுமந்தேன். நாலாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனாலும் இந்தக் கரையில் ஐஸ் கம்பெனி வைத்து, மாடி வீடு கட்டிய முதல் ஆள் நான். தம்பியைக் கல்ஃபுக்கு அனுப்பியதும் நான்தான். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தான். எனக்கு ஒரு வாட்ச். மிச்சமெல்லாம் காற்று இறக்கி மடித்த கால்பந்துகள்.

2004 டிசம்பரில் கடல் ஏறி வந்தது. அதன்பிறகு எங்கள் ஊரில் எவரும் பிள்ளைகளை மணலுக்கு விடவில்லை. ஒரு விடியற்காலை, கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்த நேரம், தம்பி அலைக்கு முதுகைக் காட்டி நின்று தனியாகப் பந்து தட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பனிக்குள்ளிருந்து வந்தார்கள். எங்கள் கிளப் அப்படித்தான் பிறந்தது. பிறகு வெளியூர்ப் பிள்ளைகளும் வந்தார்கள். தோவாளைப் பூச்சந்தையில் மூட்டை தூக்கிவிட்டு பஸ் ஏறி வருவான் சுயம்பு. அவன் ஓடினால் மைதானத்தில் பிச்சிப்பூ மணக்கும்.

சட்டை வாங்கித் தந்தவன் நான்.

"பதினொண்ணு போரும் அண்ணா" என்றான் தம்பி.

"ஏலே, ஆளுக்கொண்ணு வாங்கித் தாறேன். எனக்கென்ன பஞ்சமா?"

"பஞ்சத்துக்கு இல்ல. வெளிய வாறவன் தன் சட்டையைக் கழத்தி, உள்ள போறவனுக்குத் தன் கையால போட்டுவிடணும். ஒருத்தனுக்க வேர்வை மத்தவனுக்க மேல ஒட்டட்டும்."

இன்னொரு சட்டமும் வைத்திருந்தான். வந்தவன் எவனும் ஆடாமல் வீட்டுக்குப் போகக்கூடாது.

பங்குக் கோயில் திருவிழாப் போட்டியில் எங்கள் பிள்ளைகள் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டார்கள். கோப்பை ஐஸ் கம்பெனி அலமாரிக்குத்தான் வரும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். ஆட்டம் சமம். முடியப்போகிற நேரத்தில் ஆள் மாற்றத் தம்பி கையைத் தூக்கினான். என் மகன் ஆன்றோவை வெளியே கூப்பிட்டான், ஓரத்தில் உட்கார்ந்திருந்த சுயம்புவை எழுப்பினான். அன்றைக்கு ஆன்றோவைப் போல ஆடியவன் இரண்டு பக்கத்திலும் கிடையாது.

மேடையிலிருந்து இறங்கி ஓடினேன். "கிறுக்கா பிடிச்சிருக்கு? கப்பு போவுது லே!"

"அவனும் பஸ்ஸு ஏறித்தானே அண்ணா வந்தான்?"

"தோத்தா நாளைக்கு உனக்கு கிளப்பு கிடையாது. பந்தும் சட்டையும் நான் வாங்கினதாக்கும்!"

"சரி அண்ணா. இன்னைக்கு அவன் ஆடட்டும்."

ஆன்றோ சட்டையைக் கழற்றிச் சுயம்புவுக்குப் போட்டுவிட்டு, காதோடு என்னவோ சொல்லித் தட்டி அனுப்பினான். தோற்றோம். சுயம்புவின் காலுக்கடியில் புகுந்துதான் பந்து எங்கள் கோலுக்குள் போனது.

சொன்ன சொல் தவறாதவன் நான். மறுநாள் காலையிலேயே சட்டைகளைத் திரும்ப வாங்கிவரக் கடற்கரைக்குப் போனேன். மூடுபனி. குழாயடியில் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக நின்று சட்டை பிழிந்துகொண்டிருந்தார்கள். ஒரே சட்டையை ஆன்றோ ஒரு முனையில் முறுக்க, சுயம்பு மறுமுனையில் முறுக்கினான்.

"மக்கா, பந்து எந்தப் பக்கமா போச்சுண்ணு இப்பமாவது தெரியுமா?" என்றான் ஆன்றோ.

"நீ இருந்தாலும் போயிருக்கும். ஆனா உனக்க அப்பா, அது கோலே இல்லேண்ணு சொல்லிக் கப்பை எடுத்துட்டுப் போயிருப்பாரு!"

என்னைக் கண்டதும் எல்லாரும் பிழிவதை நிறுத்தினார்கள். தம்பி நனைந்த சட்டையோடு நின்றான். சட்டை கேட்கப் போனவன் புதுப் பந்துக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். கொடுக்கிற மனசு யாருக்கு வரும்? எனக்கு வந்தது.

கடைசி நாட்களில் தம்பிக்கு மூச்சு முட்டியது. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வான். மணலில் பந்து விழும் சத்தம் கேட்டால் உறங்கிவிடுவான்.

அடக்கத்தன்று பெட்டியின் முன்பக்கத்தை நான் தூக்கினேன். தோளில் துவர்த்துத் துண்டை மடித்துப் போட்டு, கல்லறைவரை நானே சுமப்பது என்றிருந்தேன். கோயில் திருப்பத்தில் ஒரு கை என் முதுகைத் தொட்டது. பிச்சிப்பூ மணம்.

"மாறுங்க மாமா" என்றான் சுயம்பு.

என்னை மாறச் சொன்னவன் இந்த ஊரில் அதுவரை பிறந்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். திருப்பம் முழுக்கப் பிள்ளைகள், முறைக்காக நின்றார்கள். என் வேர்வையில் நனைந்த துவர்த்தை எடுத்து, என் கையாலேயே அவன் தோளில் போட்டுவிட்டேன். பிறகு தோள் மாறி, தோள் மாறி, தம்பி அலைமேல் போகிற வள்ளம் போலப் போனான். சுமக்காமல் எவனும் வீட்டுக்குப் போகவில்லை.

இரவெல்லாம் விழித்திருந்த ஆன்றோவின் மனைவிக்கும், செபித்த பங்குத்தந்தைக்கும், ஆஸ்பத்திரித் தாதியருக்கும், பந்தல் போட்ட அயலாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தத் துவர்த்து என்னிடம் திரும்பி வரவில்லை. கடைசியாக யார் தோளில் இருந்ததோ, அவருக்கும் நன்றி.