கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டது

தொண்ணூற்றாறாம் வருடம் ஆடி மாதம், கோவையில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தேன். கல்லீரல் கெட்டு, வயிற்றில் நீர் கோத்துவிட்டது. நீர் வடிந்தால்தான் வீடு. அது குறைகிறதா என்று தினமும் காலையில் எடை பார்ப்பார்கள்.

பக்கத்துக் கட்டிலில் அன்னூர் விவசாயி ஒருவர். அவருக்கும் அதே நோய்தான். ஆனால் இட்லி, பாசிப்பயறுச் சுண்டல், பருப்புச் சோறு, முட்டை, படுக்கும் முன் பாலும் பழமும் என்று ஆறு வேளை சாப்பிடுவார். நானோ காமாலைப் பத்தியம் என்று வேளைக்கு அரை டம்ளர் கஞ்சி. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படியும் அவர் எடை இறங்கியது. என் எடை ஏறியது.

எனக்கு வயிறெரிந்தது. அவருக்கு மட்டும் உசத்தி மருந்து போலிருக்கிறது என்று அவர் மாத்திரைகளை எண்ணினேன். என்னுடையதைவிட ஒன்று குறைவு!

“ஏனுங்க, என்ற வாயவே பாத்துட்டு இருக்கறீங்க? கண்ணு பட்டுப்போடுமுங்க. இந்தாங்க, ஒரு கை தின்னுங்க” என்று சுண்டலை நீட்டினார்.

வாயில் போட்டேன். உப்பே இல்லை. “மனுஷன் திம்பானா இதை?” என்றேன்.

“மொத நாளு நானும் துப்பிப்போட்டனுங்க. எலுமிச்சம்பழம் புழிஞ்சா எறங்கிப்போடும்.”

மறுநாள் உணவு ஆலோசகரான பெண் வந்து நாடாவால் என் மேல்கையை அளந்தார். முகம் மாறியது. “வயித்துல தண்ணி ஏறுது, கையில சதை கரையுது. என்னங்கய்யா சாப்பிடறீங்க?”

“கஞ்சிதானுங்க. அதுவும் உப்பில்லாம” என்றேன் பெருமையாக.

“தொட்டுக்க?”

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்துக் கட்டில்காரர் முந்திக்கொண்டார். “தலகாணிக்கு அடியில நார்த்தங்கா ஊறுகா பாட்டலுங்க அம்மணி. பாதி காலி!”

அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டார். “அந்த உப்புத்தானுங்க தண்ணியப் புடிச்சு வெக்குது. பட்டினியில சதையும் போச்சு. இப்படியே போனா எந்திரிக்கவே தெம்பிருக்காதுங்க.”

பாட்டில் போனது. அன்று முதல் நானும் ஆறு வேளை சாப்பிட்டேன். நீர் மெல்ல வடிந்தது. அவர் எனக்கு முன்பே வீட்டுக்குப் போனார், அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இட்லி, மாத்திரை, அடுத்தவர் எடை என்று எல்லாவற்றையும் எண்ணிய நான், ஊறுகாயை மட்டும் எண்ணவில்லை. இப்போதும் படுக்கும் முன் உப்பில்லாத சுண்டலை மென்று விழுங்குகிறேன். ஆனால் அதை அவரைப் போலச் சிரித்துக்கொண்டே தின்ன வரவில்லையே என்ற பொறாமை மட்டும் எனக்கு இன்னும் வடியவில்லை.