என் அண்ணன் குடிக்கவில்லை

என் அண்ணன் குடித்திருந்தான் என்று கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னேன். அது பொய். அவன் வாழ்நாளில் கள்ளைத் தொட்டதில்லை.

முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் படிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

அண்ணனும் நானும் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கினோம். எங்களை வேலை வாங்கிய தண்டல் நாகலிங்கம், செத்துப்போன எங்கள் அப்பாவின் சிநேகிதர். மாமா என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவரே அவர்தான்.

கப்பலிலிருந்து மூட்டைகளைத் தூக்கி இறக்கும் கயிறு நைந்துபோய்விட்டது என்று அண்ணன் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இந்தக் கப்பல் முடியட்டும், மாற்றிவிடலாம் என்றார் மாமா. மூன்றாம் நாள் காலை அறுந்தது. அத்தனை அரிசி மூட்டையும்... கீழே அண்ணன். நான் பத்தடி தள்ளி நின்றேன்.

எப்படிச் செத்தான் என்று விசாரிக்க மாஜிஸ்திரேட் என்னைக் கூப்பிட்டார். அதற்கு முதல் நாள் மாமா வீட்டுக்கு வந்தார். அண்ணியின் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"கயிறு நல்லாத்தான் இருந்திச்சு, அவன்தான் குடிச்சிட்டு வந்து குறுக்க நின்னான்னு சொல்லிடு. தொரைமாரு மேல குத்தம் சொன்னா உன்னக் கப்பலேத்தி நாகப்பட்டணத்துல எறக்கிடுவாங்க லா. அங்க உனக்கு யாருடா இருக்கா? இதுங்கள யாரு பாப்பா?"

நாகப்பட்டினத்தை நான் பார்த்ததுகூட இல்லை.

மறுநாள் கோர்ட்டில், துபாசி கேள்வியைத் தமிழில் மாற்றிக் கேட்டார். குடித்திருந்தான் என்றேன். யாரும் கேட்காமலே, தினமும் குடிப்பான் என்று வேறு சேர்த்தேன். ஏன் சேர்த்தேன்? இன்றுவரை தெரியவில்லை... பின்பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தார்.

அவன் தவறால் அவனே செத்தான் என்று எழுதி முடித்தார்கள்.

சில மாதம் கழித்து, அண்ணியின் ஊருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. எனக்கு அவ்வளவு எழுத வராது. விலாசம் கிடந்த தகரப்பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு, சூலியா தெருவில் கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடையில் மேசை போட்டு மனு எழுதும் ராவுத்தரிடம் போனேன். கண்ணீரோடு எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். அவர் பெட்டியைக் கிளறி ஓர் இங்கிலீஷ் காகிதத்தை எடுத்தார். என் பிறப்புப் பத்திரம்.

"நீ இங்கயே பொறந்தவன் தம்பி. உன்ன எந்தத் தொரையும் கப்பலேத்த முடியாது. சட்டத்துல எடமே இல்ல."

பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். என் பிறப்பை ஆபீசில் போய்ப் பதிந்தவர் பெயர் அது. படித்துக் காட்டினார். நாகலிங்கம்!

அவருக்குத் தெரியும். நான் எந்த மண்ணில் பிறந்தேன் என்று எனக்கு முன்பே தெரிந்த மனிதர்...

இப்போதும் போய் உண்மையைச் சொல்லலாம், அது உன் கடமை என்றார் ராவுத்தர். ஆனால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னது குற்றம், உன்னைப் பிடித்து உள்ளே வைத்தாலும் வைப்பார்கள் என்பதையும் மறைக்கவில்லை. பத்திரத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். கோர்ட்டு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமா செய்தது துரோகம். நான் செய்ததற்கு என்ன பெயர்? நீங்களே சொல்லுங்கள்.

போன வாரம் அண்ணனுக்குத் தலைத்திவசம். அவனுக்குப் பிடித்ததையெல்லாம் அண்ணி இலையில் வைத்தார். நெத்திலிக் குழம்பு, அவித்த முட்டை... கடைசியாக முந்தானைக்குள்ளிருந்து ஒரு கள்ளுப் போத்தலை எடுத்து இலை ஓரம் வைத்தார்.

"என்கிட்ட மறைச்சுக்கிட்டே ஆசப்பட்டிருக்காரு பாவம். இன்னிக்காவது வீட்டுல உக்காந்து குடிக்கட்டும்."

இல்லை அண்ணி என்று சொல்லியிருக்க வேண்டும். சூடத்தை ஏற்றினேன்.

சூடம் அணைந்தது. படைத்ததை வீட்டு ஆண்பிள்ளைதான் முதலில் எடுக்க வேண்டும். அண்ணி கள்ளை ஊற்றி என் கையில் கொடுத்தார்.

குடித்தேன். முழுவதையும்.