சரிவின் மேல் விரித்த வலை

தாம்பரத்தில் மலையடிவாரத்து மனை என்பதில் என் கணவருக்கு ஒரே பெருமை. எனக்கோ பாம்பு வருமே என்று பயம். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று, தோட்டம் போட வைத்திருந்த பின்பக்கச் சரிவை ஒரு புல் விடாமல் ஜேசிபி வைத்து வழித்தெடுக்கச் சொன்னேன். செம்மண் பளிச்சென்று இருந்தது. சொந்தக்காரர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் மண்ணரிப்புப் பாடம் நடத்துகிறவள் நான். என்னை என்ன சொல்ல!

அடுத்த வாரம் விடியலில் பெய்த மழையில் சரிவு கரைந்து அடியில் இருந்த கீழ்வீட்டுக்குள் போய்விட்டது. அங்கே இருந்தது மீன் விற்கும் ஓர் அக்காவும், பக்கவாதத்தில் பேச்சுப் போய்ப் படுத்துவிட்ட அவர் கணவரும்தான். அக்கா செம்பாக்கத்துக்கு வியாபாரத்துக்குப் போயிருந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கட்டில் கால்கள் சேற்றில் புதைந்திருந்தன. கூப்பிடக் குரலில்லாத அந்த மனிதர் என்னையே பார்த்தார். வெட்கத்தில் உடம்பு கூசியது.

அக்கா வந்ததும் பிடித்துக்கொண்டார். "இன்னா டீச்சர், மலய மொட்டையடிச்சி வுட்டுகிறீங்களே! நான் இல்லாத நேரத்துல மண்ணு வந்தா இவரு இன்னா பண்ணுவாரு? கத்தக்கூட முடியாதே!" நான் குனிந்து சேற்றை வாரிக் கொட்டினேன்.

மறுநாளே லீவு போட்டேன். ஆள் வைத்து, சரிவுக்குக் குறுக்கே சின்னச் சின்ன வரப்புகள் கட்டி, மண் நிரப்பிய கோணிகளை அடுக்கி, வெட்டிவேர் நாற்றை நெருக்கமாக நட்டோம். வேர் பிடிக்கும்வரை மண்ணை மூடி வைக்க வைக்கோல் பரப்பினேன். காற்று அதை அள்ளி அக்காவின் மொட்டைமாடியில் கொண்டுபோய்ப் போட்டது. அன்றுதான் அவர் முதன்முதலாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்கடுத்த நாள், கடற்கரைக் குப்பத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டிலிருந்து ஒரு பழைய மீன்வலையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "கிழிஞ்சதுதான் டீச்சர். ஆனா வைக்கோல வுடாது." வைக்கோலின் மேல் வலையை விரித்து, இழுத்து, மூங்கில் முளை அடித்தோம். தெரு முழுக்க மீன் வாடை. சுத்த சைவமான என் கணவர் ஜன்னலை மட்டும் சாத்திக்கொண்டார். திட்டிய வாயாலேயே எனக்கு டீ வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு முளை அடித்த அக்காவின் மேல் எனக்கு அப்படியொரு பாசம் வந்தது.

வலைக்கண்களுக்குள் பச்சை தலைகாட்டத் தொடங்கிய ஒரு ஞாயிறு மதியம், வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. குடைகூட எடுக்காமல் கீழே ஓடினேன். சரிவிலிருந்து வெறும் தண்ணீர்தான் வரப்போரமாக ஒதுங்கி இறங்கியது. வலைக்கடியில் மண் அப்படியே இருந்தது. கீழ்வீட்டுத் தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

பேச வாய் திறந்தேன். அக்கா உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா டீச்சர். அன்னிலேர்ந்து மழ சத்தம் கேட்டாலே கண்ண மூட மாட்டாரு. இப்பத்தான் தூங்கறாரு."

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதேன்.