வளைவில் நீட்டிய கை

அந்தக் கை வெளியே போவதை அவர் ஒருநாளும் தீர்மானித்ததில்லை. பின்னால் ஹாரன் கேட்கும். அதட்டலான ஹாரன்கூட வேண்டாம், தயங்கித் தயங்கி ஒருமுறை அடித்தாலே போதும். இடது கை ஸ்டீயரிங்கை இறுக்கிக்கொள்ளும், வேன் ஓரமாகச் சாயும், வலது கை முழங்கைவரை ஜன்னலுக்கு வெளியே நீளும். விரல்கள் சேர்ந்து, உள்ளங்கை குழிந்து, முன்பக்கமாக இரண்டு வீச்சு. போ, போ. குழந்தையின் முதுகில் தட்டிப் பள்ளிக்கூடத்துக்குள் அனுப்புகிற மாதிரி. முந்திப் போகிறவர் தலையாட்டினால் முகத்தில் ஒரு திருப்தி வரும். ஆட்டாமல் போனாலும் அதே திருப்திதான்.

மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் அழுக்குத் துணி எடுத்து, வெளுத்து மடித்துத் திருப்பிக் கொடுக்கும் சலவைக்கூடத்தின் வேன் அது. மூட்டைகளைக் கூரைவரை அடைத்துவிட்டால் மேட்டில் ஏறுவதற்குள் அதற்கு மூச்சு முட்டிவிடும். பின்னால் வரிசை கட்டி நிற்பவர்களைக் கண்ணாடியில் பார்க்கப் பார்க்க அவருக்கு உட்கார்ந்த இடம் முள்ளாகும். தன்னால் இன்னொருத்தருக்குத் தாமதம் என்பது அவரால் தாங்க முடியாத ஒன்று. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வரிசையில் நின்றால் பின்னால் இருப்பவருக்கு இடம் கொடுத்துக் கொடுத்துக் கடைசியில் போய் நிற்கிற ஆள்.

சலவைக்கூடத்தில் அவருக்குக் 'கைகாட்டி' என்று பெயர் வைத்தது இஸ்திரி போடும் பெண்தான்.

"கைகாட்டி அண்ணே, வீட்டுலயும் இப்படித்தானா? எல்லாரையும் முன்னாடி அனுப்பிட்டுத்தான் நீங்க சாப்பிட உக்காருவீங்களா?"

"வீட்டுல எங்கம்மா நான் அனுப்பறது? நான் போறதுக்குள்ள எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பாங்க."

மழை விட்டிருந்த ஒரு முற்பகலில், தண்ணீர்த்தொட்டி வளைவில் அது நடந்தது. ஒரு பக்கம் தொட்டியின் மதில், மறுபக்கம் புதர் மண்டிய சரிவு. வேன் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. பின்னால் ஹாரன். கண்ணாடியில் ஒரு சிவப்பு ஹெல்மெட், தோளில் மாட்டிய ஒயர் சுருள். வீடுகளுக்கு ஒயரிங் செய்யும் பையன், அவருக்கு முகம் தெரிந்தவன்தான். எங்கேயோ மின்சாரம் போய் யாரோ காத்திருக்கிறார்கள் போல.

எதிர்ச்சாலையைப் பார்த்தாரா? பிறகு எத்தனையோ முறை அந்த இடத்தை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டார். ஹெல்மெட் நினைவிருக்கிறது. ஒயர் சுருள் நினைவிருக்கிறது. கை வெளியே போனதும், வேன் கூரையிலிருந்து ஒரு மழைத்துளி மணிக்கட்டில் விழுந்ததும்கூட நினைவிருக்கிறது. எதிரே பார்த்தது மட்டும் நினைவில் இல்லை. எப்போதும் கண் பார்க்கும், பிறகு கை நீளும். அன்று கை முந்திக்கொண்டது.

வளைவைத் திரும்பி வந்தது சாவிக்காரரின் மோட்டார் சைக்கிள். நிதானமாகத்தான் வந்தார். பூட்டு ரிப்பேர், மாற்றுச் சாவி என்று ஊரெல்லாம் சுற்றுகிறவர், வேகமாக ஓட்டி யாரும் பார்த்ததில்லை. பெரிய சத்தம்கூடக் கேட்கவில்லை. தகரத்தைக் கசக்கியது மாதிரி ஒன்று. அப்புறம் நெடுநேரம் சில்லறை கொட்டுகிற சத்தம். பின்னால் கட்டியிருந்த பெட்டி வாய் பிளந்து, ஈரத் தார்மேல் நூற்றுக்கணக்கான சாவிகள் மின்னிக்கொண்டு கிடந்தன.

அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. வெளுத்த துணிக் கட்டுகளைப் பிரித்து வேன் தரையில் விரித்தார். முதலில் சாவிக்காரரை, பிறகு பையனை, தன்னந்தனியாகத் தூக்கிக் கிடத்தினார். பையனுக்கு நினைவில்லை. சாவிக்காரரின் கண் திறந்திருந்தது. "பெட்டி" என்றார். "எடுத்துக்கலாம், எடுத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே கைகாட்டி ஓட்டினார். அந்த வேன் அத்தனை வேகம் போகும் என்று அதுவரை அவருக்கே தெரியாது. தினமும் மூட்டை இறக்கும் அதே மருத்துவமனைப் பின்வாசல். இறக்கும்போது ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் சாவிக்காரரின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பையனை முதலில் உள்ளே தள்ளினார்.

போலீஸ்காரர் கேட்டார்: "என்ன நடந்துச்சு?"

"பின்னால வந்த வண்டி என்னை முந்திச்சு. எதிர்ல வந்த வண்டியில மோதிச்சு."

"நீங்க?"

"ஓரமா ஒதுங்கினேன்."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கையெழுத்துப் போட்டார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததை வெளியே வந்த பிறகுதான் கவனித்தார்.

மறுநாளிலிருந்து ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. மற்ற ஆளாக இருந்தால் போலீஸ் வம்பு என்று ஒதுங்கிப் போயிருப்பான், இவர் அல்லவா மனுஷன், என்றார்கள். டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். சலவைக்கூட முதலாளி தோளில் தட்டினார். இரத்தக் கறை படிந்த பெட்ஷீட்டுகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கூடவே பையனைக் கிழித்தார்கள். "இவனுங்களுக்கு ஒரு வண்டி கிடைச்சா போதும், ரோடு அப்பன் வீட்டுதுன்னு நினைப்பு." "வளைவுல முந்தறான்னா அவனுக்குக் கண்ணு பிடரியிலயா இருக்கு?" கைகாட்டி டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். சொல் தொண்டைவரை வரும். யாராவது, "அண்ணன் முகத்தைப் பாரு, இன்னும் அதிர்ச்சி போகல" என்பார்கள். வந்த சொல் திரும்பிப் போய்விடும்.

மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"போலீஸ் கேட்டாங்களா, கை காட்டினீங்களான்னு?"

"கேக்கல."

"கேக்காததுக்கு எதுக்குப் பதில்? நீங்க கை காட்டினா அவன் போயே தீரணும்னு சட்டமா? அவனுக்குக் கண்ணில்லையா?"

"முன்னால என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியாதுடி. எனக்குத் தெரியும்னு நம்பித்தானே வர்றான்."

கத்தி நின்றது. "செத்தவரு திரும்பி வரப்போறாரா?"

"இல்ல."

"அப்ப பேசாம இருங்க" என்றாள். ஆனால் அன்று அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

துவைக்கும் இயந்திரத்தின் உருளைக்குள் கடகடவென்று சத்தம் கேட்டு நிறுத்திப் பார்த்தபோது, அன்று வேனில் விரித்த பெட்ஷீட்டுகளின் மடிப்புகளிலிருந்து சில சாவிகள் விழுந்தன. இஸ்திரிக்காரப் பெண் அவற்றைத் துணியில் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்க கொண்டுபோய்க் குடுங்கண்ணே. நீங்க போனாத்தான் அந்தம்மாவுக்கு ஆறுதல்."

சாவிக்காரரின் வீடு ஒற்றை அறை. முன்பாதி கடை, பின்பாதி குடித்தனம். நடுவில் ஒரு திரை. சுவரெல்லாம் ஆணி அடித்து, ஆணியெல்லாம் சாவி. சாவிக்காரரின் மனைவி அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தான் தரையில் உட்கார்ந்தாள்.

"கடைசியா என்ன சொன்னாரு?"

"பெட்டின்னு சொன்னாரும்மா."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "நான் அப்பவே சொல்லுவேன், எனக்குச் சக்களத்தி ஒருத்தி இருக்கா, இரும்புல செஞ்சவன்னு. கடைசியிலயும் அவளைத்தான் கேட்டிருக்காரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரோட்டுல அனாதையா கிடக்காம ஒரு கை தூக்கிச்சே, அது போதும். கூடப் பிறந்தவங்க எனக்கு யாரும் இல்ல. இனிமே நீங்கதான் அண்ணன்."

அதன்பிறகு அவர் அடிக்கடி போனார். போகாமல் இருக்க முடியவில்லை, போனால் இருக்க முடியவில்லை. ஒழுகும் குழாயைச் சரிசெய்தார். ஷட்டருக்கு எண்ணெய் விட்டார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். ஒருநாள் சொன்னாள்:

"கேஸ் கோர்ட்டுக்கு வருதாம்ணே. அந்தப் பையன் உள்ள போகணும். கண்ணால பாத்தவர் நீங்க ஒருத்தர்தான். நீங்க சொல்ற சொல்லுலதான் எல்லாமே இருக்கு."

டீ சுட்டது. சுட்டதைத் துப்பவும் முடியாமல் விழுங்கினார்.

பையனை அவர் எதிர்கொண்டது அதே மருத்துவமனை நடைவழியில். துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் முன்னால் ஊன்றுகோல்களோடு நின்றான். காலுக்குப் பயிற்சி கொடுக்க வரச் சொல்லியிருந்தார்களாம். இளைத்துப்போய், சட்டை ஹேங்கரில் மாட்டியது மாதிரி தொங்கியது. யாரும் இப்போது வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தார். கொலைகாரனை வீட்டுக்குள் விட்டு ஃபேன் மாட்டச் சொல்வார்களா என்று டீக்கடையிலேயே பேசினார்கள்.

"அண்ணே." குரல் கீழே போயிருந்தது. "ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க. எனக்கு அன்னிக்கு நடந்தது எல்லாம் துண்டு துண்டாத்தான் ஞாபகம் இருக்கு. அதுல ஒரு கை வருது. போன்னு சொல்ற கை. பழியை உங்க மேல போடப் பாக்கறேன்னு எல்லாரும் ஏசறாங்க. எனக்கே சந்தேகம் வந்திருச்சு. காட்டினீங்களா? இல்ல, நானாத்தான் நினைச்சுக்கறனா?"

அதில் குற்றச்சாட்டு இல்லை. தன் மூளை கெட்டுப்போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிற ஒருவனின் கேள்வி. நடைவழிக் கடைசியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்: "துணி வருதா, இல்லையா?"

"நேரமாச்சு தம்பி" என்று சொல்லி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பின்னால் ஊன்றுகோல்கள் நகரும் சத்தம் வரவில்லை. பையன் அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

அன்று மாலையே சாவிக்காரர் வீட்டுக்குப் போனார். அவள் சாவிகளை அளவுவாரியாகக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"அந்தப் பையன் தானா ஏறி வரலம்மா. நான்தான் கை காட்டினேன். போன்னு."

"என்ன?"

"எதிர்ல பாக்காம காட்டிட்டேன்."

கம்பியில் ஏறிய சாவி அப்படியே நின்றது. அவள் நிமிர்ந்து கேட்டாள்: "எந்தக் கை?"

அவர் வலது கையை நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள், முன்பின் பார்த்திராத ஒரு கருவியைப் பார்க்கிற மாதிரி.

"இந்தக் கையாலதான் அவரைத் தூக்கினீங்க."

"ஆமாம்மா."

"அண்ணன்னு கூப்பிட்டேனே." குரல் உயரவில்லை. "போங்க."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தே வந்திருந்தார். திட்டியிருந்தால் அதையாவது சுமந்துகொண்டு போயிருக்கலாம். வாசலில் கொஞ்சம் நின்று பார்த்தார். உள்ளே திரை இழுபடும் சத்தம் கேட்டது.

காவல் நிலையத்தில் அதே போலீஸ்காரர். "நீங்க என்ன டிராஃபிக் போலீஸா, வர்றவனுக்கெல்லாம் கை காட்ட?" என்று எரிந்து விழுந்தார். "அன்னிக்கே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?"

'நீங்கள் கேட்கவில்லை' என்று ஒரு பதில் அவரிடம் தயாராக இருந்தது. அது வெளியே வரவில்லை. வேறொன்று வந்தது.

"பயம்தான் சார். பயம்னுகூடச் சொல்ல முடியாது. எல்லாரும் நல்லவன்னு சொல்லிட்டிருந்தாங்க."

போலீஸ்காரர் தலையை உயர்த்தி ஒரு கணம் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

பையன் மேலிருந்த வழக்கு அதனால் மறைந்துவிடவில்லை. வளைவில் முந்தியது முந்தியதுதானே. இவர் பெயரும் அதில் சேர்ந்தது, அவ்வளவுதான். முதலாளி வேன் சாவியை வாங்கிக்கொண்டு துணி மடிக்கும் மேசைக்கு அனுப்பினார். கை காட்டியதற்கெல்லாமா வழக்கு என்று சிலர் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். இஸ்திரிக்காரப் பெண் பேசவில்லை. ஒருநாள் அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "கை காட்டினதை விடுங்கண்ணே. யாருக்கும் நடக்கக்கூடியது. நாங்க எல்லாம் அந்தப் பையனைக் கரிச்சுக் கொட்டினப்ப, பக்கத்துல நின்னு டீ குடிச்சீங்களே. அதுதான் எனக்கு ஆறல." அவர் தலையணை உறையின் ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

பையனின் அக்காவை அவர் பார்த்தது அதற்கும் பிறகு. மருத்துவமனைச் சீருடைகளில் கிழிசல் தைக்கச் சலவைக்கூடத்துக்குப் புதிதாக ஒரு தையல்காரி வந்திருந்தாள். அவள்தான் பையனின் அக்கா என்று தெரிந்ததும் அவர் எழுந்து நின்றார். "தம்பிக்குக் கால் எப்படியிருக்கு?" என்று கேட்டார். அவள் ஊசியில் நூல் கோத்தபடியே நடந்ததைச் சொன்னாள். கோபமாகக்கூட இல்லை, யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி.

தம்பிக்கு நினைவு திரும்பி, ஒரு கை தெரிந்தது என்று சொன்ன மறுநாளே அவள் சாவிக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். காலில் விழுந்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். "கொன்னது போதாதா? என் புருஷனை அள்ளிக்கிட்டு ஓடின மனுஷன் மேல சேறடிக்க வந்தியா?" என்று அந்தம்மா கத்தியதில் தெருவே கூடிவிட்டது. இவருக்காகத்தான் அத்தனை பேரும் அவளைத் தெருமுனைவரை விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவளும் அதே தெருவில் தையல் மிஷின் போட்டிருந்தவள்தான். அன்றைக்குப் பிறகு அங்கே ஒருவரும் அவளிடம் துணி கொடுக்கவில்லை.