ஓலையில் விடுபட்ட பெயர்

ஞாயிறு காலை எட்டேகாலுக்குப் போதகர், தடை உண்டா என்று மூன்று ஞாயிறு சபையில் கேட்கும் திருமண ஓலைகளை வாசித்து முடித்து உட்கார்ந்துவிட்டார். என் மகளின் பெயர் வரவில்லை. முந்தின ஞாயிறு வந்தது, இந்த ஞாயிறு இல்லை. ஓலை நடுவில் நின்றால் சபை என்ன நினைக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண்ணிடம் ஏதோ இருக்கிறது, யாரோ தடை சொல்லிவிட்டார்கள்.

வாசலில் செருப்பை மாட்டுவதற்குள் ஒருத்தி கேட்டேவிட்டாள். "ஏக்கா, மகளுக்கு மின்னாடியே வேற எங்கிட்டும் பேசி முடிச்சிருந்தீகளா?"

மகள் என் பக்கத்தில்தான் நின்றாள்.

தடை சொன்னவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. பாலசமுத்திரத்துக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். மறுநாள் அவரே வந்தார். காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

"பொண்ணு மேல ஒரு கொறையும் இல்லீங்கம்மா. பேருதானுங்க. வேதத்துல பாரசீக ராஜாவைக் கட்டுன யூதப் பொண்ணோட பேரு அது. பாபிலோன்ல கும்பிட்ட பெண் தெய்வத்தோட பேருல இருந்து வந்துச்சுன்னு படிச்சனுங்க. எங்க வீட்டு ஓலையில அது வேண்டாமுங்க. வேதத்துல அந்த ராணிக்கு எபிரேயத்துல வேற பேரும் இருக்குதில்லீங்க, அதை வச்சுப்போடலாம்."

நானும் படித்தவள்தான். பாரசீகத்தில் நட்சத்திரத்துக்கான சொல் அது என்பாரும் உண்டு. யாருக்கும் நிச்சயமில்லை. நிச்சயமில்லாத ஒன்றுக்காக இருபது வயதுப் பெண்ணைச் சபை நடுவே தலைகுனிய வைத்தார் இந்த மனிதர்!

"மாப்பிள்ளைப் பையன் பேரு மட்டும் எங்கேருந்து வந்துச்சாம்?" என்று கத்தினேன். "வேதத்துல, ஆத்துல எடுத்த பிள்ளைக்கு அந்தப் பேர வச்சவ எகிப்து ராஜா மக. அவ எபிரேயத்துலயா வச்சிருப்பா? எகிப்துல அதுக்குப் 'பிள்ளை'ன்னு அர்த்தம்கிறாக. அந்த ஊரு சாமி பேரோட ஒட்டிவார சொல்லாம். மொதல்ல அத மாத்திட்டு வாங்க!"

"பொம்பளைங்க வேதம் பேசுனா இப்பிடித்தானுங்க" என்று துண்டை உதறிக்கொண்டு போனார்.

அந்த வாரம் முழுக்க மகள் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள். ஒரு மத்தியானம் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, பேர மாத்திக்கிருவமா?"

சனிக்கிழமை பழனி பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினாள் மாப்பிள்ளையின் அம்மா. தண்ணீர்கூட வாங்கவில்லை.

"மூத்தாரு வந்து எல்லாஞ் சொன்னாருங்க சம்பந்தி. எம்மவனுக்கு அந்தப் பேர வச்சவ நானுங்க. நாளைக்கு உங்க பொண்ணு பேரோடயே ஓலை வாசிக்கோணும்னு போதகர்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வாறேன். முன்வரிசையில நாந்தான் உக்காருவேன். யாரு எந்திரிச்சு நிறுத்தறாங்கன்னு பாத்தரலாமுங்க."